மாமியார் பெயர்

"பேரை மாத்தாம இந்தப் பத்திரிகை அச்சாகாது!"

வருங்கால மாமனார் போட்ட சத்தத்தில் அச்சு இயந்திரமே ஒரு கணம் மூச்சை நிறுத்தியது.

மணப்பெண் மட்டும் அசையவில்லை. கம்ப்யூட்டர் திரையில் கல்யாணப் பத்திரிகை. அதில் மணமகள் பெயரும் மணமகனின் அம்மா பெயரும் ஒன்றே. அதுதான் வினை.

"ஒரே வீட்ல மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரே பேரா? ஒருத்தியைக் கூப்பிட்டா ரெண்டு பேரும் வந்து நிப்பீங்க!"

"லாபம்தானே மாமா?"

அச்சகக்காரர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மாப்பிள்ளை, நாளைக்குப் பரீட்சை என்பதுபோல் சுவர்க் காலண்டரையே படித்துக்கொண்டிருந்தான்.

"பேருதானேம்மா! ரெண்டு நாள்ல பழகிடும். நானே நல்லதா ஒண்ணு வைக்கிறேன்."

"மாமா, நான் பொறந்தப்போ தெருவெல்லாம் வெள்ளம். கழுத்தளவு தண்ணியில வந்து பிரசவம் பார்த்த நர்ஸம்மாவோட பேரு இது. எங்கம்மா ஆசை ஆசையா வெச்சது. வேணும்னா மாப்பிள்ளையை மாத்திக்கிறேன். பேரை மாத்த மாட்டேன்."

காலண்டரிலிருந்து ஒரு தலை திடுக்கென்று திரும்பியது.

"பெரிய நர்ஸம்மா! என் பொண்டாட்டி பேரோட வரலாறு தெரியுமா உனக்கு? எங்க பரம்பரைப் பேரு! அந்தக் காலத்துல அந்தப் பேரு வருதுன்னா ஊரே ஒதுங்கி வழிவிடும்!"

"விடாம என்ன பண்ணும்? உங்கப்பா ஓட்டின லாரி பேராச்சே அது!"

சொன்னது மூலை நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார்தான். எழுந்து நேராக அச்சகக்காரரிடம் வந்தாள்.

"தம்பி, அவ பேரு அப்படியே இருக்கட்டும். என் பேரை மாத்துங்க."

மாமனார் குறுக்கே வந்து நின்றார். "இந்த வயசுல உனக்கெதுக்கு புதுப் பேரு?"

"யார் சொன்னா புதுசுன்னு? எங்கப்பா எனக்கு வெச்ச பேரு. நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்த அன்னிக்கு, என் மாமியாருக்கும் அதே பேருன்னு சொல்லித்தானே அதைப் பிடுங்கிட்டு லாரி பேரை ஒட்டினீங்க? தைரியம் இருந்தா, இனிமே உங்கம்மா பேரைச் சொல்லி என்னை அதட்டுங்க, பார்ப்போம்!"