தெற்கே விட்ட இடம்

அஸ்திவாரத்துக்கு நான் நூல் கட்டிய முளைக்குச்சியைப் பிடுங்கி மூன்றாவது தடவையாக வடக்கே தள்ளி நட்டார் பொன்னுலிங்கம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

ஆரல்வாய்மொழியில் நான் சுவர் வைக்காத தெரு இல்லை. இங்கே வீடு என்றால் வரிசையில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் ஒரே சுவர். கணவாய்க் காற்றுக்கு அதுதான் தாங்கும்.

இந்த மனுஷனுக்குக் களியக்காவிளைப் பக்கம். அங்கே ஆளுக்கொரு தோட்டம், நடுவில் தனியாக ஒரு வீடு. அதை விற்றுவிட்டு மாட்டுவண்டியில் வந்தவர், இந்த ஒடுங்கின மனையிலும் அதே மாதிரி கேட்கிறார். தெற்கே ஆறடி விட வேண்டுமாம். பாதி அறை போய்விடும்.

வந்ததே மகள் தாணம்மாளுக்காகத்தான். பதினேழு வயது, சயரோகம். ஈரம் ஆகாது, காய்ந்த காற்று வேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் சொன்னாராம். வேப்பமரத்து நிழலில் பாயில் கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். வாயைத் துடைத்த துணியை அவள் அம்மா ஓமனா சட்டென்று வாங்கி மடித்துக்கொண்டாள், நாங்கள் பார்த்துவிடாதபடி.

“வேய், புள்ள படுக்குத அறையச் சுருக்கிட்டு, இத்தன எடத்த எதுக்குப் பாழாப் போடுதீரு?” கேட்டேவிட்டேன்.

பொன்னுலிங்கம் அளவுகோலை என் கையிலிருந்து வாங்கினார். பாயில் கிடந்தவளைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு விட்ட இடத்தில் கோலை வைத்து, தெற்குவடக்காக அளந்தார்.

அளந்துவிட்டு என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“எங்க பக்கம் செத்தவங்கள வெளிய கொண்டு போவமாட்டாவ, கொத்தனாரே. வீட்டுக்குத் தெக்கதான். இவ பயந்த புள்ள, தனியாக் கெடக்க மாட்டா.”



எங்கள் ஊரில் தெருவுக்குள் யாரையும் புதைக்க விடமாட்டார்கள். பெரிய குளத்துக்கு அப்பால் பொதுச் சுடுகாடு. ராஜா வீட்டுப் பிள்ளை செத்தாலும் அங்கேதான். இருந்த தோட்டத்தை விற்றுவிட்டு வந்தவரிடம் அதைச் சொல்ல, அந்த நேரத்தில் என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

நூலை அவிழ்த்தேன். ஆறடி விட்டு இழுத்துக் கட்டினேன்.

இவ்வளவு போதுமா என்று கேட்டார்.

போதும் என்றேன்.