ஒரு மதியத்தில் பத்துப் புதன்கிழமைகள்

அவள் கைப்பேசியைத் தாழ்த்தினாள். தட்டில் வடையைக் காணவில்லை.

“நாலாவது வாரத்த யாருங்க தின்னது?”

கேன்டீனே சிரித்தது. பில்லிங் வேணுகோபால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“பசிச்சுருச்சுங்க மேடம்.”

இன்னொரு வடை வந்தது. அவள் படம் எடுத்தாள்.

சிரிக்க அவளுக்கும் ஆசைதான். நாளையை நினைத்தால் கன்னம் ஒத்துழைக்கவில்லை.

‘தேநீர்த் தோழமை’ என்று திட்டத்துக்குப் பெயர் வைத்தவள் அவள். பம்ப்செட் கம்பெனியில் ஒரு பிரிவுக்காரருக்கு அடுத்த பிரிவுக்காரரின் பெயர் தெரியாது. அதனால் குலுக்கல் போட்டு இரண்டிரண்டு பேராகச் சேர்த்தாள். புதன்தோறும் காலை பதினொரு மணிக்கு அந்த இருவரும் ஒன்றாக டீ குடிக்க வேண்டும். பேச வேண்டும். ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

தொடக்க நாளில் சென்னையிலிருந்து வந்தவர்கள் காலை பதினொரு மணிக்கு இதே மேசையில் கேக் வெட்டினார்கள்.

அடுத்த புதன் அவள் இங்கே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அதற்கடுத்த புதனும்.

யாருக்கும் அவள்மேல் கோபமில்லை. வேலை இருந்தது, அவ்வளவுதான்.

நாளை காலை சென்னையில் மீட்டிங். எல்லா ஜோடியின் படமும் வேண்டும், எல்லா வாரமும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லையென்றால் திட்டத்தை மூடிவிடுவார்கள். அவளுடைய வேலையே இந்தத் திட்டத்துக்காக உண்டானது.

நேற்று இதை எல்லோரிடமும் சொன்னாள்.

இன்று மதியம் எல்லோரும் மாற்றுச் சட்டையோடு வந்திருந்தார்கள்.

ஒரு மதியத்தில் பத்து வாரங்களைச் செய்துவிடலாம். வழி இருக்கிறது. ஆண்கள் ஆளுக்கு ஒரு மாற்றுச் சட்டை கொண்டுவந்தால் போதும். ஜோடிக்குள் மாற்றிப் போட்டுக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் நான்கு சட்டை. பெண்களுக்குத் துப்பட்டா. தலையில் ஒரு வாரம் பூ, மறு வாரம் வெறும் கிளிப். டீ டம்ளரில் அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். ஒரு படத்தில் ஜன்னல் பக்கம், அடுத்ததில் சுவர்ப் பக்கம்.

தேதியும் சிரமமில்லை. படம் எடுப்பதற்கு முன் கைப்பேசியின் தேதியைப் பின்னால் தள்ளிவிட வேண்டும். கைப்பேசி எந்தப் புதன் என்கிறதோ, படமும் அந்தப் புதன்தான்.

வெயிலைத்தான் தள்ள முடியாது.

கேன்டீன் ஜன்னல்கள் மேற்குப் பார்த்தவை. காலையில் நிழல் வெளிச்சம் மட்டும் இருக்கும். மதியம் மூன்றரை தாண்டினால் வெயில் உள்ளே நுழையும். மேசைமேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் நீளமாக விழும். பதினொரு மணிக்கு இங்கே அப்படி விழாது. கேக் வெட்டியவர்களுக்கு அது ஞாபகம் வந்துவிடலாம்.

அதனால் வேகமாக எடுத்தாள். முடித்தவர்கள் சட்டையைச் சுருட்டிக்கொண்டு சீட்டுக்குப் போனார்கள்.

கால் கடுத்தது. இன்னும் இரண்டு ஜோடிதான்.

ஸ்டோர்ஸ் தெய்வசிகாமணியும் டெஸ்பாட்ச் ரங்கராஜும் உட்கார்ந்தார்கள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே பைக்கில் வேலைக்கு வந்தவர்கள். தெய்வசிகாமணியின் மனைவி இறந்தபோது ரங்கராஜ் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பைக்குகள். ஒரு பேச்சும் கிடையாது. குலுக்கலுக்கு இதெல்லாம் தெரியாது.

முதல் வாரத்தில் இருவரும் அவளைப் பார்த்தார்கள். இரண்டாவது வாரத்திலும் அவளையே பார்த்தார்கள்.

சட்டையை மாற்றும்போதுகூட ஒருவர் மேசைமேல் வைக்க, மற்றவர் எடுத்துக்கொண்டார்.

தெய்வசிகாமணியின் சட்டை ரங்கராஜுக்கு வயிற்றில் பூட்டவில்லை.

“மூச்ச இழுத்துப் புடிங்கண்ணா,” என்றாள் சுகந்தி. கடைசி ஜோடி இவளும் ஹெலனும்தான். “புடிச்சுட்டு அப்படியே சிரிங்க பாக்கலாம்.”

ரங்கராஜ் மூச்சை இழுத்தார். பொத்தான் மாட்டியது. மூச்சை விட்டதும் தெறித்து ஓடியது.

தெய்வசிகாமணி குனிந்து அதைத் தேடி எடுத்தார். கொடுப்பதற்குக் கையை நீட்டினார்.

ரங்கராஜ் அதை வாங்கவில்லை.

“அன்னிக்கு வந்தேன், சிகாமணி. உன் வீட்டு கேட்டு வரைக்கும் வந்தேன்.”

தெய்வசிகாமணி உள்ளங்கையில் இருந்த பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தேன்,” என்றார்.

அவள் கைப்பேசியை உயர்த்தியபடியே நின்றாள். ஆறாவது வாரம். அழுத்தவில்லை.

ரங்கராஜ் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். இப்போது அவளுக்குத் தெரிந்தது அவருடைய முதுகு மட்டும்தான். தையல் பிரியும் அளவுக்கு இறுகிய, இன்னொருவருடைய சட்டை.

“பாத்துட்டும் ஏன்டா கூப்பிடல?”

“நீ வருவேன்னு நின்னேன்.”

பிறகு குரல்கள் தாழ்ந்துவிட்டன.

ஜன்னலோரத் தரையில் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியது. முதல் கம்பி மேசைக்காலைத் தொட்டது.

ஹெலன் கிளிப்பைக் கழற்றிப் பூ வைத்துத் தயாராக இருந்தாள். சுகந்தி மெதுவாக அருகில் வந்தாள்.

“மேடம், வெயில் வந்துருச்சுங்க. எங்களுது இன்னும் ஒண்ணுகூட எடுக்கல.”

“ம்.”

“அவங்கள எந்திரிக்கச் சொல்லட்டுங்களா?”

ஒரு வார்த்தை போதும். அண்ணா, சீக்கிரம் என்றால் இருவரும் எழுந்துகொள்வார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிச்ச வாரங்களுக்குச் சிரித்துவிட்டு, தத்தம் சட்டையை மாட்டிக்கொண்டு போவார்கள். இந்த ஜோடி முடிந்துவிடும். வேகமாக எடுத்தால் சுகந்தியும் ஹெலனும்கூட முடிந்துவிடுவார்கள்.

அவள் மேசையைப் பார்த்தாள். பிறகு சுகந்தியையும் ஹெலனையும் தள்ளிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சமையல்கட்டிலிருந்து டம்ளர் எடுக்க வந்தவரையும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

சுகந்தி அவள் முகத்தைப் பார்த்தாள். தோளில் போட்டிருந்த துப்பட்டாக்களை எடுத்து, ஒவ்வொன்றாக மடிக்கத் தொடங்கினாள்.