வலஞ்சுழி

காலை மணி பத்தேகால். தம்பியோடு சேர்ந்து நடத்தும் தொப்பிச் சலவைக் கடையின் சன்னலோரம், அக்கா ஒரு சாம்பல் ஃபெல்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நேற்று எதிர்க்கடையில் சுத்தம் செய்தது. மனசுக்குப் பிடிக்கவில்லை என்று வாடிக்கையாளர் இங்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கறுப்புத் தொப்பிக்கான பிரஷை ஒதுக்கிவிட்டு, வெளிர் மயிர் பிரஷை எடுத்து, வழக்கம்போல் இடஞ்சுழியாக ஓட்டுகிறாள். ரோமம் எதிர்த்து நிற்கிறது. யாரோ வலஞ்சுழியாகத் தேய்த்திருக்கிறார்கள். இந்தத் தெருவில் அப்படித் தேய்க்கும் இடக்கை ஒன்றுதான் உண்டு. நேற்றுப் பல்வலி என்று கடைக்கு வராத தம்பி, பக்கத்து மேசையில் அதே இடக்கையால் இன்னொரு தொப்பியைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். “என்னக்கா, ஒரே தொப்பியோட குடும்பம் நடத்துற?” என்கிறான், நிமிராமல். அவள் பிரஷில் ஒட்டிய தூசியை மெல்ல ஊதுகிறாள்.

“எதிர்க்கடையில பல்லும் பிடுங்குறாங்களாடா?”