விண்கலத்தில் இரண்டாவது ஆள்

நிலாவில் மனிதன் இறங்கிய மறுவருஷம், காரைக்குடிக் கல்லூரியொன்றில் அறிவியல் குறும்படப் போட்டி அறிவித்தார்கள்.

"விண்கலத்துல விஞ்ஞானி ஒத்தையில மாட்டிக்கிறான். அம்புட்டுத்தான் கதை. விஞ்ஞானி நானு. ஒனக்கு வேஷம் கெடையாது, கேமராவப் பிடி" என்றான் வயிரவன். அவன் வகுப்புத் தோழன் மெய்யநாதனுக்கு முகம் தொங்கிப்போனது.

வயிரவன் வீட்டுக் கூடம்தான் விண்கலம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்த முட்டைச்சாந்து பூசி இழைத்த சுவர்கள் தகடு போல மின்னின.

போட்டியன்று படம் ஓடும்போது நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒத்தையிலன்னு எழுதியிருக்கீக. விஞ்ஞானிக்குப் பின்னால ஒத்தைக் கண்ணோட ஒரு உருவம் நிக்குதே?"

வயிரவன் சட்டென்று சமாளித்தான். "வேற்றுக்கிரகவாசி சார்."

சிறந்த நடிகர் பரிசு அந்த வேற்றுக்கிரகவாசிக்கே கிடைத்தது. வாங்க மேடையேறியவன் மெய்யநாதன்.

"அந்தக் கண்ண எப்புடிச் செஞ்சீக?" என்று கேட்டார் நடுவர்.

மெய்யநாதன் தோளில் தொங்கிய கேமராவைத் தூக்கி முகத்தில் வைத்துக் காட்டினான்.

"அவுக வீட்டுச் சுவத்துல நான் இப்புடித்தான் தெரிவேன் சார்."