ஆளுக்கொரு வரிசை

“என் பின்னாடி வராத, ஜூடித். உன் லைன் அது.”

ஜெயகரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். கையில் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டவர் வரிசையைப் பார்த்து நடந்தான். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத ஜூடித், கைப்பையை மார்போடு அணைத்தபடி பெங்களூரு விமான நிலையத்தின் நடுவே நின்றாள்.

வரிசைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பெண் சிரித்தபடி வந்தாள். “உங்க ஒய்ஃபா சார்? ரெண்டு பேரும் ஒரே கவுண்ட்டருக்குப் போலாம். ஃபேமிலின்னா விடுவாங்க.”

“வேணாம். அவங்க தனியா வருவாங்க.”

அவன் சொன்ன வேகத்தில் அந்தப் பெண்ணின் சிரிப்பு அணைந்துபோயிற்று. ஜூடித்துக்குக் காது மடல் சுட்டது.

இது இன்று தொடங்கியதில்லை. ஊரில் ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்கு அவள் ஆட்டோவில் போனால் அவன் நடந்து வருவான். பக்கத்துப் பாலகாட்டில் அத்தை வீட்டு விருந்துக்கு அவன் பைக்கில் போனான், அவள் தனியே பஸ்ஸில் போனாள்.

“இன்னாடி, புது மாப்ள பைக்குல பின்சீட்டு காலியாவே சுத்துது? அழுக்காயிடும்னு உன்ன ஏத்தலியா?” என்று எதிர்வீட்டு நிக்கோல் கேட்டபோது தெருவே சிரித்தது. ஜூடித்தும் சிரித்துவைத்தாள்.

மாமியாரிடம்தான் ஒருநாள் அழுதுவிட்டாள். அவர் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயகரனின் தாத்தா ஒன்றில், தாத்தாவின் தம்பி மற்றொன்றில், இருவர் தலையிலும் சுரங்கத் தொப்பி, இரண்டு படத்துக்கும் கீழே ஒரே தேதி. “அவன் வளந்த வூடு அப்படிம்மா. நீதான் அனுசரிச்சுப் போவணும்” என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இப்போது விமானமும் வேறு வேறு. “ஒண்ணா சீட்டு கெடைக்கல. நீ முன்னாடி போ, அடுத்த பிளைட்ல நான் வந்துடுவேன்” என்றிருந்தான். சற்றுமுன் பெட்டிகளை வாங்கிக்கொண்ட பெண்ணோ, “ஜன்னல் சீட் தரட்டுமா மேடம்? பிளைட் பாதி காலி” என்றாள். ஜூடித் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

நிக்கோலின் சித்தி மகளும் இப்படித்தான் முன்னால் போய் இறங்கினாள். அழைத்துப்போக ஆள் வரவில்லை. புருஷனின் போன் அணைந்தது அணைந்ததுதான். போன வாரமே பெட்டியோடு ஊர் திரும்பி, இப்போது ஜன்னலைக்கூடத் திறப்பதில்லை.

அது நினைவுக்கு வந்ததும் ஜூடித்தால் நிற்க முடியவில்லை. தன் வரிசையை விட்டு ஓடிப்போய் ஜெயகரனின் பின்னால் நின்றாள்.

“ஏங்க, பயமா இருக்குங்க. உங்க கூடவே நிக்கிறேனே.”

“போன்னு சொல்றேன்ல! இந்த லைனுக்கு வராத!”

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் வெளுத்திருந்தது. அவ்வளவு கோபமா என் மேல் என்று நினைத்தபடி ஜூடித் இந்தியர் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

“யாக்கம்மா, ஏன் அழறே?” என்று கன்னடம் கலந்து கேட்டார் கவுண்ட்டரில் இருந்த அதிகாரி. சட்டையில் மமதா என்று பெயர்.

“ஒண்ணுமில்ல மேடம்.”

“ஹஸ்பண்ட் எங்கே?”

ஜூடித் கைகாட்டினாள்.

“அவரு அந்த நாட்டு சிட்டிசனா? கூட நிக்க வேண்டியதுதானே. ஒரே பிளைட்தானே?”

“இல்ல. அவரு அடுத்ததுல வருவாரு.”

“வருவாரா?”

ஜூடித் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தாள். மமதா கையிலெடுத்த முத்திரையைக் கீழே வைத்தார். “அங்க போய் எறங்கிட்டு, ஆளைக் காணோம்னு அழுதுட்டு திரும்பி வர்ற பொண்ணுங்கள வர்றவங்க கவுண்ட்டர்ல உக்காந்து பாத்திருக்கேம்மா. இரு.”

ஜெயகரனை அழைத்துவந்தார்கள். கவுண்ட்டருக்கு முன்னாலிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

“கிட்ட வாங்க சார்.”

“இங்கயே நிக்கிறேன் மேடம்.”

மமதாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஒரே லைன்ல நிக்க மாட்டீங்க, ஒரே பிளைட்ல போக மாட்டீங்க. புடிக்காத பொண்ண எதுக்கு சார் கட்டுனீங்க?”

ஜெயகரன் ஜூடித்தைப் பார்த்தான்.

“சொன்னா சிரிப்பீங்க மேடம். எங்க தாத்தா கேஜிஎஃப் மைன்ஸ்ல வேலை. கீழ எறங்க கேஜ் இருக்கும், லிஃப்ட் மாதிரி. தாத்தா ஒரு லைன், அவரு தம்பி ஒரு லைன். அன்னிக்கு அண்ணன் கூடவே போறேன்னு தம்பி லைன் மாறி வந்து நின்னாரு. ரோப்பு அறுந்துடுச்சி. அதுலேர்ந்து எங்க வூட்ல யாரும் ஒண்ணா எதுலயும் ஏறறதில்ல.”

ஒரே தேதி போட்ட இரண்டு படங்கள் ஜூடித்தின் கண்முன் வந்து நின்றன.

மமதா மெல்ல முத்திரையை எடுத்தார். “அப்போ, இவங்கள புடிக்காம இல்ல?”

“புடிக்காத பொண்ணா இருந்தா என் லைன்லயே நிக்க வச்சிருப்பேன் மேடம்.”