அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவன்

எபியும் ஃபிரெடியும் இரட்டைப் பிள்ளைகள். எபி மூத்தவன், வண்டலூரில் இருந்தான். ஃபிரெடி மறைமலை நகரில். கிழக்குத் தாம்பரத்தில் தனியாக இருக்கும் அம்மாவை மற்றவன் பார்த்துக்கொள்கிறான் என்று இருவருமே நிம்மதியாக இருந்தார்கள்.

வெகு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் எபி குற்ற உணர்ச்சியோடு போனான். அம்மாவோ தெம்பாக இருந்தார். நகம் வெட்டியிருந்தது. ஒழுகிக்கொண்டிருந்த குழாய்கூட சரியாகியிருந்தது.

“எல்லாம் புள்ளைதான் தினம் வந்து செய்றான்” என்றார்.

எபிக்கு வயிறு எரிந்தது. பால்கனிக்குப் போய்த் தம்பிக்கு ஃபோன் போட்டான்.

“தேங்க்ஸ்டா. தினமும் வர்றியாமே?”

“நக்கலா? பொங்கலுக்கு அப்புறம் நான் அந்தப் பக்கமே வரல. நீதான் போறேன்னு நினைச்சேன்.”

எபி உள்ளே ஓடினான். “அம்மா, தினம் வர்றது எங்கள்ல யாரு?”

“மெதுவா பேசுப்பா. நடுவுல பொறந்தவன் இப்பதான் கண் அசந்தான்.”

எபி படுக்கையறையை எட்டிப் பார்த்தான். கட்டிலில் அச்சு அசலாக அவன் முகத்தோடு ஒருவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பாவம், ரொம்பக் களைத்திருந்தான்.

எபி சற்று யோசித்தான். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினான்.

“ஃபிரெடி,” என்றான் ஃபோனில், “இங்க எல்லாம் நல்லாத்தான் போகுது. நீ ஒண்ணும் அலைய வேணாம்.”