பத்தரை மணிப் புகை

தீக்குச்சியை எடுத்தவள், உரசாமல் எழுந்தாள்.

இன்னும் சொல்லவில்லை.

மலைமேல் இருக்கும் அந்தப் பள்ளிக்கு இரண்டே அறைகள். சத்துணவு சமைக்கும் அவள் தினமும் பத்தரை மணிக்கு இரண்டு வாசலிலும் நின்று சொல்வாள்.

"பிள்ளைகளா, அடுப்புப் பத்த வைக்கப் போறேன்."

பிள்ளைகள் வெளியே வருவார்கள். சமையற்கூரையிலிருந்து முதல் புகை எழுவதைப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்துப் புகைதான் என்று தெரிந்ததும் உள்ளே போய் உட்காருவார்கள்.

மூன்று வருடமாக இப்படித்தான்.

ஒரு பங்குனியில் காட்டுத்தீ சரிவேறி வந்து பதினான்கு வீடுகளைத் தின்றது. பள்ளி மறுபடி திறந்த அன்று அவள் வழக்கம்போல் அடுப்பு மூட்டினாள். வாடை வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் அலறி ஓடினார்கள். ஒருவனுக்குப் படியில் விழுந்து கை ஒடிந்தது.

"இனிமே சொல்லிட்டுப் பத்த வைங்க, வேலுத்தாய்," என்றார் தலைமையாசிரியை.

போர்வையும் அரிசியும் கொண்டுவந்தவர்கள் முதல் மழையோடு நின்றுவிட்டார்கள். பெற்றோர்தான் இன்றும் தை பிறந்தால் அரிவாளோடு வந்து, பள்ளியைச் சுற்றிக் காய்ந்த புல்லை அறுத்துப்போடுகிறார்கள்.

நாலாம் வகுப்புச் செவ்வந்தி மட்டும் வெளியே வரமாட்டாள். புகை அடங்கும்வரை மேசைக்கடியில் இருப்பாள். தலைமையாசிரியையும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். தீயணைக்க மேலே போய்த் திரும்பாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் செவ்வந்தியின் அப்பா.

மற்றவர் வேலுத்தாயின் கணவர்.

இன்று சமையற்கூட வாசலில் செவ்வந்தி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்த, இன்னைக்கு நான் சொல்லட்டா?"

வேலுத்தாய் தலையசைத்தாள்.

சின்ன வகுப்பு வாசலில் குரல் கேட்டது. பிறகு பெரிய வகுப்பில், இன்னும் கொஞ்சம் பலமாக.

பிள்ளைகள் வெளியே வந்து நின்றார்கள்.

செவ்வந்தி திரும்பி வந்தாள். அடுப்பின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தாள்.

"அத்த, அடுப்புப் பத்த வைக்கப் போறோம்."

வேலுத்தாயிடம் இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை.

விரலிடுக்கில் இருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

"இரு தாயி," என்றாள். "ஒரு நிமிசம்."

வெளியே இருபத்தாறு பிள்ளைகளும் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

யாரும் அவசரப்படுத்தவில்லை.